நிலைத்து நிற்கும் கடை

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவோர் உண்டு. இசையைப் பற்றிப் பேசுவோர் உண்டு. நமக்கு அளிக்கப்பட்ட பொருளோ மளிகைக் கடை. செயற்குழுவினர் இதனை நம்மிடம் ஒப்படைத்ததற்குக் காரணம் ஒன்றுதான் இருக்க முடியும். நாம் பத்தாம் வகுப்புத் தேறியதும் இரயில்வேயில் எழுத்து வேலைக்கு வந்தோம். பொருளாதார நூல்களைக் கற்றோமில்லை. ஆனால், பார்சல் அலுவலகத்தில் அமர்ந்து, சரக்கு வருவதையும் போவதையும் கிடப்பதையும் கெடுவதையும் நாள்தோறும் கண்டு வருகிறோம். அந்த அனுபவத்தை முதலாக வைத்துச் சில சொற்கள் கூற முற்படுகிறோம்.

தலைநகருக்குப் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்கள் முதலில் தேடியது குடியிருக்க வீடு. அடுத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி. அதற்கடுத்துப் புழுங்கலரிசியும் புளியும் கிடைக்கும் கடை. நம் வட்டாரத்தில் விநாயகர் கோயில் எழுந்தது. அருகே லட்சுமிபாய் நகரிலும் மோத்தி பாக்கிலும் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் எழுந்தன. கோயிலுக்கும் பள்ளிக்கும் நன்கொடைச் சீட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்ற முதியோர் பலர் நம்மிடையே வாழ்ந்தனர். கடைக்காக எவரும் சீட்டை எடுத்துச் சென்றதில்லை. கடை என்பது தானே தோன்றும், தானே நிற்கும் என்று எண்ணிவிட்டோம். கோயிலைப் போலவும் பள்ளியைப் போலவும் கடையும் பலர் கூடித் தாங்கினால்தான் நிற்கும் என்பதே இன்று நாம் சொல்ல வந்த செய்தி.

இதனை இப்பொழுது ஏன் சொல்ல வேண்டும்? முன்னாளில் விநய் நகர் என்று வழங்கிய நம் சரோஜினி நகர் மாறிவருகிறது. 2016 ஜூலையில் மத்திய அமைச்சரவை, தில்லியிலுள்ள 7 அரசாங்கக் குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்ட ஒப்புதல் அளித்தது. 12,970 வீடுகள் இருந்த இடங்களில் 25,667 வீடுகள் என்பது திட்டம். அவ்வேழனுள் சரோஜினி நகரும் ஒன்று. மாமரமும் வேம்பும் நின்ற முற்றங்கள் போயின. ஒரே வரிசையில் இருந்த குடும்பங்கள் இராமகிருஷ்ணபுரத்துக்கும் துவாரகைக்கும் அப்பாலும் சிதறின. சிதறியவர்களோடு கடையின் வாடிக்கையும் சிதறிற்று. எஞ்சியிருப்போர் கையில் கைப்பேசி இருக்கிறது. விரலால் தொட்டால் சில நிமிடங்களில் பருப்பும் பாலும் வாயிலுக்கு வந்து சேருகின்றன. இந்நிலையில் முப்பது நாற்பது ஆண்டு நம்மை அறிந்த கடை நிற்குமா என்பது வீண் கேள்வியன்று.

நிற்க வழி உண்டா என்று அறிய, நின்ற கடை ஒன்றைப் பார்ப்பது நலம். அதற்கு நாம் சென்னைக்குப் போக வேண்டும்.

1904-ஆம் ஆண்டு திருவல்லிக்கேணியில் நடுத்தர வகுப்பைச் சேர்ந்த ஒரு சிறு குழுவினர் கூடினர். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துவோரின் இன்னல் அவர்கட்குத் தெரியும். சம்பளம் அளவானது, கடையில் விலையோ கடைக்காரர் வைத்தது, எடையும் அவர் வைத்ததே. வாங்குவோர் தாமே சேர்ந்து ஒரு கடை நடத்தினால் என்ன என்று அவர்கள் எண்ணினர். அவ்வெண்ணத்தின் விளைவே திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம். அதனைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர் அப்பொழுது அங்குள்ள இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார். பிற்காலத்தில் உலக அரங்குகளில் ஆங்கிலச் சொல்லாற்றலால் புகழ் பெற்ற அப்பெருமகனார், அரிசி பருப்புக் கடையைத் தம் தகுதிக்குக் குறைவாகக் கருதவில்லை என்பதை நம் இளைஞர்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

அவர்களுக்கு வழிகாட்டியது இங்கிலாந்து நாட்டு ராச்டேல் நகரத் தொழிலாளர் கடை. 1844 டிசம்பர் 21-ஆம் நாள், நெசவாளர் முதலிய 28 பேர், 28 பவுன் முதலுடன், டோட் லேன் என்னும் தெருவில் அதனைத் திறந்தனர். வெண்ணெய், சர்க்கரை, மாவு, மெழுகுவத்தி முதலிய சில பொருள்களே அன்று அங்கிருந்தன. மாவில் படிகாரமும் சுண்ணாம்புத் தூளும் கலந்து விற்ற காலம் அது. ஆகவே அவர்கள் வகுத்த விதிகள் எளியவை: கலப்படமற்ற சரக்கு, முழு எடை, ரொக்க வியாபாரம், பங்கு எத்தனையாயினும் ஒருவருக்கு ஒரே வாக்கு, ஆதாயத்தை அவரவர் வாங்கிய அளவுக்கு ஏற்பப் பங்கிடுதல், கல்விக்கு ஒரு பகுதி ஒதுக்குதல். இவ்விதிகளில் கடைக்காரருக்கு உரியவை சில. வாங்குவோருக்கு உரியவை சில. இருதரப்பும் தத்தம் பங்கைச் செய்ததால் கடை நின்றது.

திருவல்லிக்கேணிச் சங்கம் தோன்றியபோது நாட்டில் இருந்த சட்டம் கடன் சங்கங்களுக்கே உரியது. பண்டகசாலை போன்ற பிற கூட்டுறவுச் சங்கங்களுக்கு இடம் தந்த சட்டம் 1912-இல்தான் வந்தது. சட்டம் வரும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தட்டுப்பாடும் கட்டுப்பாடும் வந்தபோது நாடெங்கும் கூட்டுறவுப் பண்டகசாலைகள் மழைக்காலத்துக் காளான்போல் முளைத்தன. போருக்குப் பின் கட்டுப்பாடு நீங்கியதும் அவற்றுட் பல மறைந்தன. தட்டுப்பாட்டால் பிழைத்த கடை தட்டுப்பாடு தீர்ந்ததும் வீழ்ந்தது. நம்பிக்கையால் பிழைத்த கடை நின்றது. நூறாண்டைக் கடந்து திருவல்லிக்கேணிச் சங்கம் இன்றும் நடைபெறுகிறது.

இனித் தில்லிக்குத் திரும்புவோம். நம் ஊழியர் குடும்பங்களுக்குப் பழகிய பெயர்கள் இரண்டு. ஒன்று கேந்திரிய பண்டார். மத்திய அரசாங்க ஊழியர்களின் நுகர்வோர் கூட்டுறவுச் சங்கமாக 1963-இல் தோன்றியது. மற்றொன்று சூப்பர் பஜார். 1966-இல் ரூபாயின் நாணய மதிப்புக் குறைக்கப்பட்டு விலைவாசி ஏறிய காலத்தில் கன்னாட் பிளேசில் தொடங்கப்பெற்றது. இரண்டும் கூட்டுறவே, இரண்டுக்கும் அரசாங்கத்தின் துணை இருந்தது. சூப்பர் பஜார் நட்டத்தின் மேல் நட்டம் அடைந்து, 2002-இல் அதனைக் கலைக்கும் ஆணை வந்தது. கேந்திரிய பண்டாரோ அரசாங்கக் குடியிருப்புகளில் இன்றும் கடை நடத்துகிறது. 2023 நவம்பரில் மத்திய அரசாங்கம் கிலோ 27 ரூபாய் 50 காசுக்குப் பாரத் ஆட்டாவை வெளியிட்டபோது, மக்களிடம் அதனைச் சேர்த்த நிலையங்களுள் இதுவும் ஒன்று. அரசாங்கத்தின் கை மட்டும் ஒரு கடையைக் காப்பாற்றாது என்பதற்கு இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே போதும்.

நம் காலனியில் உள்ள தென்னாட்டுச் சரக்குக் கடை கூட்டுறவுச் சங்கமன்று. ஒரு குடும்பத்தின் உடைமை. ஆயினும் அதற்கும் அதே விதிகளே பொருந்தும். அவற்றை நமக்குப் பழக்கமான முறையில் விளக்குகிறோம்.

பார்சல் அலுவலகத்திற்கு வரும் ஒவ்வொரு கட்டிலும் மூன்று செய்திகள் எழுதப்பட்டிருக்க வேண்டும்: எங்கிருந்து வந்தது, எடை என்ன, யாரிடம் சேர வேண்டும். இம்மூன்றில் ஒன்று இல்லாவிடினும் கட்டு வழிதவறும். கடையிலுள்ள ஒவ்வொரு சரக்கையும் இம்மூன்று கேள்விகளால் சோதிக்கலாம்.

முதலாவது, எங்கிருந்து வந்தது? சென்னைக்கும் புதுதில்லிக்கும் இடையே இரயில் வழி ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். இவ்வளவு தொலைவிலிருந்து எது வர வேண்டும், எது வரத் தேவையில்லை என்று பிரித்தறிவதே நல்ல மளிகைக்காரரின் முதற்கடமை. இட்லிக்குரிய புழுங்கலரிசி, நல்லெண்ணெய், அப்பளம், வடகம், காப்பிக்கொட்டை ஆகியவை தெற்கிலிருந்துதான் வர வேண்டும். கோதுமை, கடலைப் பருப்பு, வெல்லம், உருளைக்கிழங்கு, வெங்காயம் ஆகியவை தில்லிச் சந்தைகளிலேயே நிறையக் கிடைக்கின்றன. நயா பஜாரில் தானியமும் காரி பாவலியில் மிளகாய், மல்லி, மிளகும் மொத்த விலைக்கு உண்டு. அருகில் கிடைப்பதைத் தொலைவிலிருந்து வரவழைப்பது பணத்தையும் எரிபொருளையும் வீணாக்குவதாகும். தொலைவிலிருந்தே வர வேண்டியதைச் சிறுசிறு பொட்டலமாகப் பலமுறை வரவழைப்பதைக் காட்டிலும், மூட்டையாக ஒரே முறை இரயிலில் வரவழைப்பது மேல். ஒரு டன் சரக்கை ஒரே தொலைவுக்குக் கொண்டு செல்ல, லாரியைவிட இரயிலுக்கு எரிசக்தி மிகக் குறைவாகவே செலவாகிறது. இதனை இரயில்வே ஊழியன் என்ற பற்றினால் சொல்லவில்லை. இரும்புப் பாதையில் இரும்புச் சக்கரம் உருளுவதற்குத் தடை குறைவு என்பதே காரணம்.

வந்த சரக்கு கிடங்கில் தங்கும் காலமும் கணக்கில் சேரும். நிலையத்திற்கு வந்த கட்டை உரிய நேரத்தில் எடுக்காவிட்டால் உடையவர் காலதாமதக் கட்டணம் கட்ட வேண்டும். கடையிலே அப்படிச் சீட்டுக் கொடுப்பார் எவருமில்லை. ஆனால் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கிறது. தில்லியின் ஆடி ஆவணி ஈரத்தில் அரிசியில் வண்டு விழுகிறது. ரவையில் புழு வைக்கிறது. சித்திரை வைகாசி வெயிலில் கறிவேப்பிலை அரை நாளில் கருகுகிறது. மார்கழியில் தேங்காய் எண்ணெய் புட்டியில் உறைந்து, வாங்க வந்தவர் முகத்தைச் சுளிக்கிறார். அறிந்த கடைக்காரர் மழைக்கு முன்னே அரிசி இருப்பைக் குறைப்பார். மூட்டைகளைத் தரையில் வைக்காமல் பலகை மேல் அடுக்குவார். காய்ந்த வேப்பிலை இடுவார். முன் வந்ததை முன்னே விற்பார். காப்பிக்கொட்டையை வாங்குவோர் கண்முன் வறுத்து அரைப்பார். கெட்டுப்போகாத ஒவ்வொரு கிலோவும் சம்பாதித்த கிலோவே ஆகும்.

இரண்டாவது கேள்வி, எடை என்ன? வள்ளுவப் பெருந்தகை நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதிக் குறளில் வாணிகரையே நினைத்தார். அறிஞர், அரசர் என்று பலர் இருக்க, நடுவுநிலைமைக்குத் தராசு பிடிப்பவரை அவர் எடுத்துக்காட்டியது சிந்திக்கத்தக்கது. 1958 அக்டோபரில் கிலோ எடை நாட்டில் நடைமுறைக்கு வரத் தொடங்கியது. வீசையும் பலமும் சேரும் போய்க் கிலோ வந்தது; எடை மாறினாலும் தராசின் அறம் மாறவில்லை. எடைக்கருவிகளுக்குக் காலந்தோறும் அரசாங்க முத்திரை பெற வேண்டும் என்பது சட்டம். அம்முத்திரையை வாங்குவோர் காணும்படி வைக்கும் கடையை நம்பலாம்.

மூட்டையைத் திறந்து கண்ணெதிரே நிறுத்துத் தருவதில் வேறொரு நன்மையும் உண்டு. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரையிலான, முன்னரே கட்டிப் பெயர்ச்சீட்டு ஒட்டிய அரிசி, பருப்பு, மாவுப் பைகளுக்கு 5 சதவிகிதம் சரக்கு சேவை வரி விதிக்கப்பட்டது. மூட்டையிலிருந்து சில்லறையாக நிறுத்துத் தருவதற்கு அவ்வரி விதிக்கப்படவில்லை. தேவையான அளவை மட்டும் வாங்கலாம், வீட்டில் வீணாவதில்லை. மாதக் கடைசியில் கையிருப்புக் குறைந்த குடும்பம் கால் கிலோ பருப்புக் கேட்டால், முகங்கோணாமல் நிறுத்துத் தருவதும் இக்கடையே. கைப்பேசி வழி வரும் பொட்டலத்தில் அந்தக் கால் கிலோவுக்கு இடமிருப்பது அரிது.

பார்சல் சீட்டில் எழுதப்படாத கேள்வி ஒன்றும் உண்டு: சரக்குச் சேர்ந்தபின் மேற்கட்டு எங்கே போகிறது? நம் வீட்டுக் குப்பையின் முடிவைக் காண விரும்புவோர் காஜிப்பூருக்குச் சென்று பார்க்கலாம். 1984-இல் தொடங்கிய அக்குப்பைமேடு 2002-லேயே நிறைந்துவிட்டது. அதன் பின்னும் கொட்டியதால் 2019-இல் 65 மீட்டரைத் தாண்டி உயர்ந்தது. குதுப்மினாரின் உயரம் ஏறத்தாழ 73 மீட்டர். ஒரு மன்னர் மரபு கல்லால் எழுப்பியதற்கு நிகராக நாம் உறையால் எழுப்பிவிட்டோம்! 2022 ஜூலை 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பல நாடெங்கும் தடை செய்யப்பட்டன. அவ்வாண்டு டிசம்பர் 31 முதல் 120 மைக்ரானுக்குக் குறைந்த பிளாஸ்டிக் பைகளும் தடைக்கு உள்ளாயின. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதலே தடை உண்டு. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்னும் இயக்கமும் தொடங்கப்பெற்றது. ஆணை பிறந்தபின்பும் பை ஒழியாததற்குக் கடைக்காரரை மட்டும் குறை கூறுதல் முறையன்று. வெறுங்கையோடு வந்து, “பை இல்லையா?” என்று கேட்பவர் யார்? நம் பாட்டிமார் துணிப்பையும் எண்ணெய்த் தூக்கும் எடுத்துச் சென்றது வறுமையாலன்று; வழக்கத்தால். வழக்கம் போனதை வழக்கத்தாலேயே மீட்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி, யாரிடம் சேர வேண்டும்? இங்குதான் நம் பொறுப்பு முழுமையாக வருகிறது. கடன்பற்றைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவோம். சம்பளக்காரக் குடும்பங்களுக்குச் சிட்டையில் எழுதிவைத்து மாதம் ஒருமுறை கொடுப்பது வசதி. அது தவறன்று, தவணை தவறுவதே தவறு. கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகிறோம். 40 குடும்பங்கள், குடும்பத்திற்கு மாதம் 5,000 ரூபாய்ச் சரக்கு என்று வைத்துக்கொள்வோம். எல்லாரும் ஒரு மாதம் பாக்கி நிறுத்தினால் கடைக்காரர் பணம் 2,00,000 ரூபாய் நம் வீடுகளில் முடங்கிவிடுகிறது. மொத்த வியாபாரி காத்திருக்க மாட்டார். அந்தத் தொகையை நூற்றுக்கு ஒன்றரை வட்டிக்கு வாங்கினால் மாதம் 3,000 ரூபாய், ஆண்டுக்கு 36,000 ரூபாய் வட்டி. இவ்வட்டியை அவர் எங்கிருந்து எடுப்பார்? விலையை ஏற்ற வேண்டும். அல்லது மட்டமான சரக்கை வாங்க வேண்டும். அல்லது தராசின்மேல் விரல் வைக்க வேண்டும். நாணயமான கடைக்காரர் இம்மூன்றையும் செய்யமாட்டார். கடையை மூடிவிட்டு ஊருக்குப் போவார். ராச்டேல் தொழிலாளர்கள் ரொக்கம் என்ற விதியை முதலிலேயே வைத்ததன் நுட்பம் இதுதான். கடன் சொல்லி வாங்குபவரின் பாக்கியை ரொக்கம் தருபவர் சுமக்கக் கூடாது என்று அவர்கள் கருதினர்.

கைப்பேசியில் வாங்குவோரை நாம் பழிக்கவில்லை. இரவில் குழந்தைக்குப் பால்மாவு வேண்டுமெனில், நோயுற்ற முதியோர் தனியே இருக்கிறாரெனில், அது பேருதவி. அங்கே நாம் தொகையை முன்னதாகவே செலுத்துகிறோம், தவணை கேட்பதில்லை. மாதக் கடைசியில் கைவறண்டால் மட்டும் பழைய கடைக்குச் சிட்டையோடு செல்கிறோம். ரொக்கத்தை ஒருவருக்கும் கடனை மற்றொருவருக்கும் கொடுத்தால், கடன் பெற்றவர் எத்தனை நாள் நிற்பார்? இக்கேள்வியை ஒவ்வொருவரும் தம் வீட்டுச் செலவுக் கணக்கைப் பார்த்துத் தாமே விடைகாணக் கேட்டுக்கொள்கிறோம்.

கடை மூடினால் இழப்பது அரிசி மட்டுமன்று. கார்த்திகைக்குப் பொரியும் அகல் விளக்கும், பொங்கலுக்கு மஞ்சள் கொத்தும் கரும்பும், ஆடிக்குத் தேங்காயும் கேளாமலே வரவழைத்து வைப்பவர் யார்? புதிதாக மாற்றலாகி வந்த குடும்பத்திற்குப் பள்ளி எங்கே, கோயில் எங்கே, மருத்துவர் எங்கே என்று தமிழில் வழிசொல்லும் முதல் மனிதர் யார்? நம் பிள்ளைகள் கொத்துமல்லி, கொத்தவரை, கருணை, சேனை என்னும் பெயர்களை வீட்டுக்கு வெளியே கேட்கும் இடம் எது? தமிழ் வகுப்புக்கு வாரம் ஒரு நாள். கடைக்கு நாள்தோறும் போகலாம்.

ஆகவே, சபையோர் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறோம்.

ஒன்று: சம்பளம் வந்த ஐந்து நாளுக்குள் சிட்டைப் பாக்கியைத் தீர்த்துவிடுவோம். இரண்டு: கடைக்குத் துணிப்பையும், எண்ணெய்க்கும் மாவுக்கும் பாத்திரமும் எடுத்துச் செல்வோம். மூன்று: தெற்கிலிருந்து வர வேண்டிய சரக்குக்கு, பத்துப் பதினைந்து குடும்பங்கள் சேர்ந்து மாதம் ஒருமுறை தேவைப்பட்டியல் கொடுப்போம், எவ்வளவு வரவழைக்க வேண்டும் என்று கடைக்காரருக்குத் திண்ணமாகத் தெரிந்தால் தேக்கமும் கேடும் குறையும், விலையும் இறங்கும். காலனியை விட்டுத் தொலைவில் குடியேறிய குடும்பங்களும் இப்பட்டியலில் சேரலாம். விழா நாளில் கோயிலுக்கு வரும்போது எடுத்துச் செல்லலாம். நான்கு: எடையிலோ சரக்கிலோ குறை கண்டால், ஊரெல்லாம் சொல்லாமல், வாங்காமல் விலகியும் விடாமல், கடைக்காரரிடமே நேரில் சொல்வோம். குறையை எடுத்துச் சொல்பவரும் கடையைத் தாங்குபவரே.

கடைக்காரர் பெருமக்களுக்கும் ஒரு சொல். விலைப்பட்டியலைத் தமிழிலும் இந்தியிலும் எழுதித் தொங்கவிடுங்கள். தராசை எங்கள் பக்கம் திருப்பி வையுங்கள். வண்டு விழுந்த அரிசியை நல்ல அரிசியில் கலக்காதீர்கள். தனியே வைத்து, உள்ளதைச் சொல்லி, குறைந்த விலைக்கு விற்றுவிடுங்கள். கடனை எல்லார்க்கும் ஒரே விதியில் கொடுங்கள். அதிகாரி வீட்டுக்கு ஒரு நீதியும் கடைநிலை ஊழியர் வீட்டுக்கு ஒரு நீதியும் வேண்டா.

இடித்த இடத்தில் அடுக்கு மாடிகள் எழுகின்றன. புதிய வீடுகளில் புதிய குடும்பங்கள் குடியேறும். அவர்களிலும் தமிழர் இருப்பர். அவர்கள் பெட்டி படுக்கையை இறக்கி வைத்த மறுநாள் காலை, “இங்கே இட்லி அரிசி எங்கே கிடைக்கும்?” என்று நம்மைக் கேட்பார்கள். அன்று கைகாட்ட நமக்கு ஒரு கடை இருக்க வேண்டும். திருவல்லிக்கேணியில் நம்மைப் போன்ற சம்பளக்காரர்கள் 1904-இல் செய்து காட்டியதில் ஒரு சிறு பங்கையாவது சரோஜினி நகரில் நாம் செய்ய முடியும் என்று உறுதியாக நம்புகிறோம்.